ரெக்கார்ட் நோட்டும் ஒரு வரி ஏளனமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் உயர்கல்வி பற்றி எழுதிய உங்கள் கட்டுரையாளர், ‘தென்மாவட்ட அறிவியல் மாணவர்களுக்கு ஆய்வறிக்கையில் ஒரு பத்திகூடச் சொந்தமாக எழுத வராது’ என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வராதுதான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். இடம் இருந்திருக்காது, எதிர்ப்பக்கம் முழுக்க அட்மிஷன் விளம்பரம்.

பாளையங்கோட்டையில் வேதியியல் நடத்தியே தலை நரைத்தவன் நான். பி.எஸ்சி. மாணவன் இங்கே எழுதிப் பழகுவது லேப் சோதனைகளைப் பதியும் ரெக்கார்ட் நோட் ஒன்றைத்தான், அதுவும் சீனியர் நோட்டைப் பார்த்து. ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிக்கும் டைட்ரேஷனில், விடையை முதலில் வைத்துக்கொண்டு ப்யூரெட் குழாயின் ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்புவான். சிவப்பு மையில் டிக் விழும். மார்ஜின் கோணல் என்று நோட்டு திரும்பி வரும். இந்த ரீடிங் எப்படி வந்தது என்று கேட்டுத் திரும்பி வந்ததில்லை. அவனைப் பிடித்துக் கடைசி செமஸ்டரில் ‘ப்ராஜெக்ட் எழுது’ என்றால்? ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்கோடு கிடைக்கிறது.

ஒருமுறை தாமிரபரணித் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் ப்ராஜெக்ட். அறிக்கைகளை மாணவர்களுக்குள்ளேயே மாற்றிக் கொடுத்து, மார்க் போடாதீர்கள், கேள்வி மட்டும் எழுதுங்கள் என்றேன். முதலில் எல்லாம் ‘சூப்பர்’, ‘அருமை’. பிறகு சேரன்மகாதேவிப் பையன் ஒருவன் ஓரத்தில் எழுதினான்: “மாங்கனீஸ் சல்பேட்ட ஆத்துலயே ஊத்துனியா, லேபுக்கு வந்து ஊத்துனியா? காலையிலயா, மத்தியானமால?” அறிக்கையில் இருந்ததோ ‘குறுக்குத்துறையில் நீர் எடுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி. வெயில் ஏறினால் பாசி விடும் ஆக்சிஜனால் அளவு கூடும். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் அந்த மாங்கனீஸ் சல்பேட்டை ஊற்றாமல் அப்படியே பாட்டிலில் வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொண்டு குறையும். கேட்டவனும் அறிக்கை எழுதியவனும் விடியற்காலையில் மறுபடி ஆற்றுக்குப் போனார்கள். எழுத வராதவர்கள்! 1936இல் ‘பிசிக்கல் ரிவ்யூ’ என்ற இயற்பியல் இதழ் தன் கட்டுரையைக் கேட்காமல் மதிப்பீட்டாளருக்கு அனுப்பியதற்காக ஐன்ஸ்டைனே கோபித்துக்கொண்டு திரும்ப வாங்கிவிட்டார். எங்கள் பிள்ளைகள் கோபிக்கவில்லை.

இப்படிக் கேள்வி எழுத வைப்பதை அடுத்த வருடமே நிறுத்தச் சொன்னார்கள். சிலபஸில் இல்லையாம். ஆனால் ஆசிரியர்களிடம் மட்டும் வருடத்துக்கு இத்தனை ஆய்வுப் பேப்பர் என்று கணக்குக் கேட்டார்கள். பணம் கட்டினால் நாலு நாளில் ‘மதிப்பிட்டு’ வெளியிடும் இதழ்களின் மெயில் ஓய்வுபெற்ற பிறகும் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. அந்த மாதிரி இதழ்களை ஒதுக்கத்தான் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., தரமான இதழ்களுக்குக் ‘கேர்’ என்று ஒரு பட்டியல் போட்டது. 2025இல் அதையும் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. தாங்கள் அறியாததல்ல.

தங்கள் நாளிதழே ‘பெட்ரோலுக்குப் பதில் தண்ணீரில் ஓடும் பைக்: மாணவர் சாதனை’ என்று படத்தோடு போட்டதே, அதை அளந்து பார்த்தது யார் என்று கேட்டிருந்தேன். அந்தக் கடிதம் தங்கள் மேஜைக்கு வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. போகட்டும்.

இப்போது கேட்பது சின்ன விஷயம். உங்கள் மாணவர் பக்கத்துக்கு இங்கிருந்து பிள்ளைகள் அறிவியல் கட்டுரை அனுப்புகிறார்கள். பிரசுரிக்க வேண்டாம். எந்த இடம் புரியவில்லை, எதற்கு ஆதாரம் இல்லை என்று இரண்டே வரி எழுதித் திருப்பி அனுப்ப முடியுமா? ஸ்டாம்ப் ஒட்டிய சுயவிலாச கவரையும் உள்ளே வைக்கச் சொல்கிறேன். நிர்வாகத்துக்குச் செலவு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.