வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசு போட்டு வீடு வாங்கியவர் அதை என்ன வேண்டுமானாலும் செய்வார், வாடகைக்கு இருப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று போன ஞாயிறு தலையங்கத்தில் கேட்டிருந்தீர்கள். எவ்வளவு சுலபமான யோசனை! எங்களுக்குத்தான் இத்தனை காலம் தோன்றாமல் போய்விட்டது.

நான் பிறந்து வளர்ந்தது பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ பசார் தெருவில், ஒரு கடைவீட்டு மாடியில். அப்பா தையல்காரர். கீழே அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், ஒரு சிங்கர் மெஷின், பக்கத்து ஆணியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அளவு நோட்டு. அவர் கடை அவ்வளவுதான். 1948 ஜனவரிக்குள் கட்டி முடித்த வீடு என்பதால் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வந்தது, வாடகை சொற்பம். வீட்டுக்காரர் ஒரு சீன விதவை. ஓடு உடைந்து ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னால், நீங்கள் தரும் வாடகைக்கு எத்தனை ஓடு வரும் என்பார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஏழைக்கு வீடு கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. அதைச் செய்யாமல் முப்பது வருடத்துக்கு மேல் அந்த அம்மாளின் தலையில் கட்டினார்கள். 1997இல் சட்டத்தை ரத்து செய்து, பழைய குடியிருப்பாளர்களுக்குக் கொடுத்த அவகாசத்தையும் 1999 முடிவோடு முடித்து, எங்கள் தலைக்கு மாற்றிவிட்டார்கள்.

நாங்களும் நீங்கள் சொன்னபடி வேறு இடம் பார்த்தோம். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் கிடைத்தது. தீபாவளிக்கு ரவிக்கை தைக்க லெபோ பசாரிலிருந்து அத்தனை மாடி ஏறி யார் வருவார்கள்? இரண்டே தீபாவளியில் அப்பா மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டார். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் இடம்பெற்றது. எங்கள் பழைய வீடு இப்போது ஹோட்டல். வாசலில் அழகுக்கு ஒரு தையல் மெஷின் வைத்திருக்கிறார்கள், பாரம்பரியமாம்.

கம்போங் புவா பாலா கிராமத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாடு வளர்த்துத் தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடந்த நம் சனம் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2009இல் வீடுகளை இடித்தார்கள். அன்றைக்குப் பத்திரிகைகள் எல்லாம் முதல் பக்கத்தில் கண்ணீர் வடித்தன. அவர்களையும் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கலாமே.

சொத்தைக் காக்க மலேசிய அரசியலமைப்பில் 13ஆவது பிரிவு இருக்கிறது. போதிய இழப்பீடு இல்லாமல் அரசாங்கமே கை வைக்க முடியாது. குடியிருக்க ஒரு கூரை வேண்டும் என்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை. எல்லாரும் சமம் என்னும் 8ஆவது பிரிவும் தனியார் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. என் மகன் இன்ஜினியர். டிபாசிட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாயான் லெப்பாசில் வீடு தேடினான். போனில் பெயரைக் கேட்டதுமே, ஓனர் இந்தியருக்குக் கொடுப்பதில்லை என்றார் ஏஜெண்ட், ஏதோ மழை வரும் என்று சொல்வதுபோல. உங்கள் தலையங்கத்தின்படி ஓனர் செய்தது சரிதான் போலும். வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் வருகிறது, வருகிறது என்று கேட்டுக் காது புளித்துவிட்டது.

நான் கேட்பது பெரிதல்ல. வாடகை ஒப்பந்தம் முடிந்துபோனாலும், உள்ளே குடியிருப்பவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இது தெரியாமல், பூட்டு மாற்றிவிடுவேன் என்ற மிரட்டலுக்கே பயந்து, ராத்திரியோடு ராத்திரியாகச் சாமான் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் பிளாக்கிலேயே உண்டு. ஞாயிறு பதிப்பில் ஒரு கட்டம் போட்டு இதைத் தமிழில் அச்சிடுங்கள். ராசிபலனுக்கு விடும் இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு