"மெயில் வரவே இல்லை" என்பதற்கு முன் சர்வரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிம்மக்கல்லில் பத்துக்குப் பத்து அறையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு கடை வைத்திருக்கிறேன், கூடவே இரண்டு மூன்று ஜவுளிக்கடைகளின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் உண்டு. போன மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். ஓர் அலுவலகத்துக்கு (பெயர் வேண்டாம்) மெயிலில் மனு அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாள் கழித்து நேரில் போய்க் கேட்டால் மெயில் வரவே இல்லை, உங்க பக்கம்தான் சர்வர் பிராப்ளம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இவன் அனுப்பிட்டேங்கிறான், அவங்க வரலைங்கிறாங்க, யாரு தம்பி பொய் சொல்றது?" என்று கேட்டார் பெரியவர்.

இரண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை, அதுதான் விஷயம்.

மெயில் வாங்கும் சர்வரோடு நாமே நேராகப் பேசலாம், கமாண்ட் லைன் என்கிற கருப்புத் திரை போதும். அந்த அலுவலகத்தின் மெயிலை எந்த சர்வர் வாங்குகிறது என்று என்எஸ்லுக்அப் என்ற கட்டளையில் எம்எக்ஸ் (மெயில் வாங்கும் சர்வர் எது என்ற பதிவு) கேட்டுத் தெரிந்துகொண்டு, டெல்நெட் (இன்னொரு கணினியோடு எழுத்தில் பேசும் கருவி), சர்வர் பெயர், 25 (சர்வர்கள் மெயில் வாங்கும் கதவு எண், போர்ட் என்பார்கள்) என்று தட்டினேன். (விண்டோஸில் டெல்நெட் அணைந்தே இருக்கும், ஃபீச்சர்ஸ் பக்கத்தில் போய் டிக் போட வேண்டும்.) கர்சர் மின்னிக்கொண்டு அப்படியே நின்றது. ஸ்பேம் என்கிற குப்பை மெயிலுக்குப் பயந்து கடை, வீட்டு இணைப்புகளில் 25-ஆம் போர்ட்டை அடைத்து வைப்பது பல இடத்தில் வழக்கம், விவரம் தெரியாதவர்கள் இந்த இடத்திலேயே சர்வர் செத்துப்போச்சு என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சரி என்று, ஜவுளிக்கடைகளுக்காக வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வருக்குள் போய் அங்கிருந்து தட்டினேன்.

உடனே 220 என்று வந்தது, வாங்க என்று அர்த்தம். எஹ்லோ (வணக்கம் மாதிரி) என்று நம் சர்வர் பெயரைச் சொன்னால் 250, அதாவது சரி. மெயில் ஃப்ரம் போட்டு அனுப்புபவர் முகவரி, அதற்கும் 250. அப்புறம் ஆர்சிபிடி டூ (யாருக்கு என்று சொல்வது) என்று அந்த அலுவலக முகவரியைக் கொடுத்தேன். 452 4.2.2, பெட்டியில் இடமில்லை. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு "நானூத்தி அம்பத்திரண்டு" என்று சத்தமாகப் படித்தார், "இத அவங்களே உக்காந்து எழுதுறாங்களா?" என்றார். இல்லை ஐயா, மெசின் எழுதுது என்று சொல்லிவிட்டு க்விட் போட்டு வெளியே வந்தேன். கடிதம் எதுவும் போகாது, கதவைத் தட்டிப் பார்த்ததோடு சரி. அதற்காக நூறு முகவரியை வரிசையாகத் தட்டிப் பார்க்காதீர்கள், அது ஸ்பேம்காரன் செய்கிற வேலை, சர்வர் நம்மையே அடைத்துவிடும்.

எண் 5-இல் தொடங்கினால் முடியவே முடியாது என்று பொருள், 550 வந்தால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே கிடையாது, அனுப்பியவருக்கும் உடனே தெரிந்துவிடும். 4-இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. வில்லங்கமே இந்த 4-இல்தான். அனுப்பும் சர்வர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கும், போனில் என்னவோ சென்ட் என்றுதான் காட்டும். கடைசியில் போய்ச் சேரவில்லை என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வரும். பையன் போனை வாங்கிப் பார்த்தேன், மெயிலர் டீமன் என்ற பெயரில் அது வந்தே கிடந்தது. ஏதோ விளம்பரம் என்று திறக்காமலே விட்டிருக்கிறான், அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பெட்டியில் இடம் இருந்திருந்தால் டேட்டா என்றதும் 354 வந்திருக்கும், கடிதத்தை எழுதித் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது, சர்வர் 250 சொல்லும், பெரும்பாலும் கூடவே ஒரு வரிசை எண்ணும் தரும். அந்த நொடியிலிருந்து கடிதத்துக்கு வாங்கிய சர்வர்தான் பொறுப்பு. அந்த 250 பதிவுத் தபால் ரசீது மாதிரி, இரண்டு பக்கத்து சர்வரின் லாக் என்கிற பதிவேட்டிலும் நேரத்தோடு இருக்கும். யாராவது படித்தார்களா என்பது வேறு கதை. இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1982-இல் ஆர்எஃப்சி 821 என்ற விதிமுறை ஆவணத்தில் எழுதிவைத்த இந்த முறையின் அடிப்படை இன்னும் வேலை செய்கிறது, நம் ஊர் அலுவலகங்களில்தான் அதைத் திறந்து பார்க்க ஆளில்லை.

மெயில் முகவரியை போர்டில் எழுதிப்போடும் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறை அந்தப் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், வரவில்லை என்று சொல்வதற்கு முன் லாகைப் பார்க்கச் சொல்லுங்கள். 452 என்று பேப்பரில் எழுதிக்கொண்டு போன பெரியவரிடம் அது என்ன நம்பர் என்றுகூட யாரும் கேட்கவில்லையாம், மனுவைக் கையில் வாங்கி சீல் மட்டும் வைத்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி கடை அடைப்பதற்கு முன் மறுபடி தட்டிப் பார்த்தேன். அதே 452.

இப்படிக்கு,
சிம்மக்கல் கணினி மையக்காரன்,
மதுரை.