பொருள்: ராணி இல்லாமல் வந்த தேனீப் பெட்டிக்குப் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இதே கதையைப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து "என்ன பிரச்சினை சார்" என்று முதலிலிருந்து கேட்கிறார். அதனால் எழுத்தில் தருகிறேன், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். பில், பார்சல் ரசீது, தேனடைகளின் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

நான் வாங்கியது உங்கள் வீட்டுத் தொகுப்பு, அந்த மஞ்சள் மூடிப் பெட்டி, இந்தியத் தேனீக் குடும்பத்தோடு 6,800 ரூபாய். இரவு பார்சலில் ஏற்றி விடிகாலையில் வந்து சேர்ந்தது, அதில் குறை இல்லை. சாயங்காலம் பெட்டியின் வாசலைத் திறந்துவிட்டு, சர்க்கரைப் பாகு வைத்து, மறுநாள் அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தால் ஒரு முட்டை கிடையாது, ஒரு இளம்புழு கிடையாது. வளர்ந்த புழுவை உள்ளே வைத்து மூடிய அறைகள் மட்டும் ஆங்காங்கே இருந்தன. தேனீக்கள் அடையில் நிலைகொள்ளாமல் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன.

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முட்டை 3 நாளில் பொரிகிறது, புழு அதன் பிறகு 5 நாள் வாக்கில் அறைக்குள் மூடப்படுகிறது. மூடிய அறை மட்டும்தான் இருக்கிறது என்றால் ராணி முட்டையிட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பார்சல் வண்டியில் அது இருந்ததோ ஒரே ஒரு ராத்திரி. ஆக, ராணி போனது உங்கள் பண்ணையில். அது தெரிந்தே கட்டி அனுப்பினீர்களா, பார்க்காமல் அனுப்பினீர்களா என்பதுதான் என் கேள்வி.

இதைத்தான் உங்கள் "சீனியர்" ஒருவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் கேட்டது: "ராணி என்ன சார், உங்ககிட்ட வந்து நான்தான் ராணின்னு சொல்லுமா? யூட்யூப் பார்த்துட்டுப் பேசாதீங்க." நான் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் பெட்டியே வாங்கினேன். அதைச் சொன்னதும், "அப்போ உங்களுக்கே எல்லாம் தெரியுமே, தேனீங்களே புது ராணியை உண்டாக்கிக்கும், விடுங்க" என்று போனை வைத்துவிட்டார். எதிலிருந்து உண்டாக்கும்? புது ராணி வளர்க்க 3 நாளுக்குட்பட்ட புழு வேண்டாமா? பெட்டியில் அது ஒன்றுகூட இல்லை என்றுதானே அரைமணி நேரமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். தேனீ விற்கிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒருவர் பேசுகிறார். அவர் பெயரை எனக்குத் தர மறுத்துவிட்டீர்கள்.

அப்புறம் மதுரை அலைச்சல். "பெட்டியோடு எங்கள் மதுரை கிளைக்கு வாருங்கள், ராணியை விட்டுத் தருகிறோம்" என்று மெசேஜ் வந்தது உங்கள் எண்ணிலிருந்துதான், படம் எடுத்து வைத்திருக்கிறேன். இருட்டியதும் வாசலில் கொசுவலை வைத்து அடைத்து, ஈரச் சாக்கு சுற்றி, விடியுமுன் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். கண்டக்டர் உள்ளே என்னவென்று கேட்டார், தேனீ என்றதும் முதலில் இறங்கச் சொல்லிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போனால், உங்கள் கிளையில் தேன் பாட்டில் விற்கிறார்கள். "ராணியா? அதெல்லாம் பண்ணையில்தான் சார், இங்கே ஏது" என்கிறார் அந்தத் தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு யாரும் தகவலே சொல்லவில்லை. வெயிலில் திரும்பி வந்து திறந்தபோது பாதித் தேனீ அடித்தட்டில் செத்துக் கிடந்தது.

ராணி இல்லாததால், மிச்சம் இருந்ததில் பணித்தேனீக்களே முட்டையிட ஆரம்பித்துவிட்டன. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, கோணல்மாணலாக. அதிலிருந்து ஆண் தேனீதான் வரும், குடும்பம் தேறாது. இப்போது பெட்டியில் அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சி கூடு கட்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், முன்பே சொல்லியிருக்க வேண்டும். தேனீ அடை கட்டுவதற்கு நீங்கள் தந்த மெழுகுத் தாளில் அறைகளின் அச்சு இத்தாலியத் தேனீயின் அளவு. இந்தியத் தேனீயின் அறை அதைவிடச் சிறியது. ராணி தேன் தட்டுக்குப் போகாமல் இருக்க வைக்கும் ராணித் தடுப்பும் அப்படியே, அந்த இடைவெளியில் நம் ஊர் ராணி தாராளமாகப் போய் வரும். போய் வர ராணி இருந்தால்தானே, அது வேறு விஷயம்.

உங்களுக்கு இது ஒரு பெட்டி. எனக்கு ஒரு சீசன் போச்சு. கொல்லையில் முருங்கை பூத்துக் கொட்டுகிறது, தென்னைப் பாளை விரிந்து நிற்கிறது. இந்தக் குடும்பம் ஒழுங்காக இருந்திருந்தால் மூன்றாகப் பிரித்திருப்பேன், அடுத்த வருடம் மூன்று ஒன்பதாகியிருக்கும். தேன், காய்ப்பு எல்லாம் கணக்குப் போட்டால் ஒரு லட்சத்துக்குக் குறையாது.

சரி, லட்சம் கேட்கவில்லை. 6,800 ரூபாயும் மதுரை போய் வந்த செலவும் கேட்கிறேன். மாற்றுக் குடும்பம் வேண்டாம், உங்களிடமிருந்து வேண்டவே வேண்டாம். நல்லபடியாக முடித்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணம்கூடக் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பஸ்ஸில் கொண்டுபோனது போல அந்தப் பெட்டியையும் கொண்டுபோய் மேசைமேல் வைப்பேன்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். போன் வேண்டாம், அதுவும் அந்த "சீனியர்" வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
திண்டுக்கல் வாடிக்கையாளர்
(பெயரும் ஆர்டர் எண்ணும் இணைத்த பில்லில் உள்ளன)