நம்ம மொரீஷியஸ் கைவினைச் சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். ஆண்டுக் கூட்டத்துல இத வாசிச்சப்போ பாதி நாற்காலி காலி, அதனால இங்கயும் போடறேன், வந்து கேட்டவங்க பொறுத்துக்கோங்க.

பொங்கல் வச்சோம். காவடி முடிஞ்சு ஏழு கறிச் சாப்பாடு நடந்துச்சு, இலைதான் பத்தல. கமிட்டி ஆறு தடவ கூடுச்சு, அதுல ரெண்டு தடவ ஆள் சேராம டீ குடிச்சிட்டு கலைஞ்சோம்.

இப்போ காட்ர் போர்ன் ஊர்ச் சந்தைல ஞாயித்துக்கிழமை நாம போடற கூடைக் கடை விஷயம். ஆரம்பத்துல யாராவது வந்து கூடையத் தூக்கி "கொம்யே?" (எவ்வளவு?)ன்னு கிரியோல்ல கேட்டா நம்ம ஆளுங்க தலைய குனிஞ்சுக்கிட்டு, "150 ரூபா, ஆனா நீங்க பாத்து குடுங்க" அப்படின்னு சொல்லுவாங்க, அவங்க "த்ரோ சேர்" (ரொம்ப விலை)னு சொல்றதுக்கு முன்னாடியே நாமளே 120க்கு இறங்கியாச்சு! ஒருநாள் ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். ஒரு கூடைக்கு தாழை ஓலை, அதான் வாக்வா, 60 ரூபா, சாயமும் கைப்பிடியும் 40. பின்ன 5 மணி நேரம். முள்ளு சீவி காய வச்ச நேரத்த நான் சேக்கவே இல்ல. 150க்கு வித்தா கைல நிக்கறது 50, அதாவது மணிக்கு 10 ரூபா. அந்தக் காசுக்கு தெருவுல விக்கற பருப்பு ரொட்டி, அதான் தால்பூரி, ஒரு ஜோடி கூட வராது. மணிக்கு 50 போட்டு, கடை வாடகைப் பங்கு 25 சேத்தா 375 வருது. பேரத்துக்கு இடம் விட்டு 400ன்னு வச்சோம்.

அந்தக் காலத்துல இந்த நாட்டு சர்க்கரை கப்பலேறுனதே வாக்வா பையிலதான். 2016ல பிளாஸ்டிக் பைய தடை பண்ணப்பவே நாம விலைய ஏத்தியிருக்கணும், விட்டுட்டோம்.

வாயால விலை சொல்லத்தானே கூச்சம், சரி எழுதி கட்டிடலாம்னு விலைச் சீட்டு அடிச்சேன், 1,800 ரூபா. கமிட்டிய கேக்காம செஞ்சேன்னு சில பேருக்கு வருத்தம். கேக்கலாம்னுதான் ஆள் சேராத அந்தக் கூட்டத்துக்கு வந்தேன், நீங்கதான் வரல. ரூபா நோட்டுல தமிழ் எழுத்த இந்திக்குக் கீழ இறக்கிட்டாங்கன்னு 1998ல சண்டை போட்டு அந்த நோட்டயே வாபஸ் வாங்க வச்ச சனம் நாம, அதே நோட்ட கை நீட்டி கேக்க மட்டும் வெக்கமா? சீட்டு கட்டுன முதல் ஞாயிறே ஒரு அம்மா ஒண்ணும் பேசாம நம்ம தமிழ்த் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நூறு ரூபா நோட்டு நாலு எடுத்து வச்சிட்டுப் போனாங்க. ராபே, அதான் தள்ளுபடி, கேக்கறவங்க இருக்கத்தான் செய்றாங்க, அவங்களுக்கு விலைய குறைக்காம ஒரு சின்ன சாவிக்கொத்து சேத்துக் குடுத்தா சிரிச்சிட்டு வாங்கிக்கறாங்க. எல்லாரும் இல்ல. ஆனா விலை சொல்லிட்டு வாய மூடிட்டு நிக்கணும், அது நமக்கு ரொம்பவே கஷ்டம் (எனக்கும்தான்).

மனசு நொந்த ஒண்ணு. பக்கத்து மேசைல நம்ம தங்கச்சி 400ன்னு சொல்லிட்டு இருக்கும்போதே இன்னொருத்தங்க அதே கூடைய 200க்கு கூப்பிட்டுக் குடுத்தாங்க. பேர் வேணாம். அவசரமா காசு தேவைன்னா முன்னாடியே சொல்லுங்க, சங்கத்துல பாத்துக்கலாம், அடுத்தவங்க வயித்துல அடிக்காதீங்க.

கணக்கு பொருளாளர் அக்காகிட்ட இருக்கு, நஷ்டம் இல்ல, கொஞ்சம் மிச்சமும் இருக்கு. இன்னும் இருந்திருக்கும், 24 பேர்ல 9 பேர் சந்தா கட்டல. கூடை வித்த காசு வாங்க மட்டும் அந்த 9 பேரும் தவறாம வந்தாங்க.

தலைவி அக்காவுக்கும், இடம் குடுத்த கோயில் காரியதரிசிக்கும், வேன் ஓட்டுன தம்பிக்கும் நன்றி.

வர்ற வருஷம் மயேபூர் திங்கக்கிழமை சந்தையிலயும் ஒரு மேசை போட ஆசை, ஆனா விடிகாலை 5 மணிக்கு என்கூட வேன்ல ஏற ரெண்டு பேராவது வேணும், என் முதுகு முன்ன மாதிரி இல்ல. வேற யாராவது செயலாளரா வர விருப்பப்பட்டா சந்தோஷமா விட்டுக் குடுப்பேன், கேட்டும் பாத்தாச்சு, யாரும் கை தூக்கல. அப்புறம் அந்த மஞ்ச மேசைத்துணி ரெண்டு மாசமா ஒருத்தர் வீட்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை கொண்டு வந்துடுங்க, அப்படியே சந்தாவும்.