ஒரே மடக்குத் தண்ணீரில் இரண்டு மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய் நின்ற பெண்கள் எல்லோரும் கால்சியமும் வைட்டமின் டி-யும் சாப்பிட வேண்டும் என்று உங்கள் மருத்துவப் பகுதியில் படித்தேன். எப்போது, எதனோடு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அது தெரியாமல் நான் ஒன்றரை வருடம் அல்லாடியிருக்கிறேன்.

எனக்கு வயது 61. மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி-ஸ்கோர், அதாவது இளம் வயது எலும்போடு ஒப்பிடும் எண், மைனஸ் 1.8 என்று வந்தது. எலும்பு எளிதில் முறியும் எலும்புப்புரை இல்லை, அதற்கு முந்தைய படி. ஒரு நாளைக்கு இரண்டு கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தைராய்டு மாத்திரை ஏற்கெனவே உண்டு. மறந்துவிடக் கூடாதே என்று காலையில் பல் தேய்த்த கையோடு தைராய்டு ஒன்று, கால்சியம் ஒன்று, ஒரே மடக்குத் தண்ணீர். இரவு படுக்கும்போது இன்னொரு கால்சியம். ஒரு நாள் தவறியதில்லை என்று பெருமை வேறு!

சில மாதங்களில் முடி கொட்டியது. எழுந்து உட்காரவே அலுப்பாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச், அதாவது தைராய்டு போதாதபோது கூடும் ஹார்மோன், ஏறியிருந்தது. தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். மறுபடி ஏறியது, மறுபடி கூட்டினார்கள். கடைசியில் மருந்து எடுத்துக் கொடுத்த பெண்தான், "ரெண்டையும் சேர்த்தா போடுறீங்க?" என்று கேட்டார். கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். கால்சியத்தை மதியத்துக்கு மாற்றிய பிறகு, தைராய்டு மாத்திரை பழைய அளவுக்கே இறங்கிவிட்டது.

அன்றுதான் அட்டையை ஒழுங்காகப் படித்தேன். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றால் அதில் கால்சியம் 500 மி.கி. மட்டுமே. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். நான் வெறும் வயிற்றில் விழுங்கியதில் அதுவும் பாதி வீண்.

அப்புறம், 'எல்லோரும்' என்ற உங்கள் சொல். அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சுமார் ஏழு வருடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. தினமும் 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்தும் இடுப்பு எலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. ஆனால் பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த பெண்களுக்கு 1200 மி.கி. கால்சியமும் 800 யூனிட் டி-யும் கொடுத்தபோது முறிவு நன்றாகவே குறைந்ததாக 1992-இல் எழுதினார்கள். வெயில் படாத, சரியாகச் சாப்பிடாத உடம்புக்கு உதவியது மற்றவர்களுக்கும் அப்படியே உதவும் என்று சொல்ல முடியாது இல்லையா?

ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மி.கி. என்பது உணவையும் சேர்த்த கணக்கு. என் மகள் ஒரு வாரம் நான் சாப்பிடுவதை எழுதிப் பார்த்தாள். உணவிலேயே 700 வந்தது. மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு மாத்திரை ஒன்றானது.

அடுத்த முறை மாத்திரையைப் பற்றி எழுதும்போது நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி