அந்தப் பாட்டில்களைப் பற்றி

அன்புள்ள மகன் அஜினுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு மக்களே. ராத்திரி டூட்டி என்று சொல்லி வெறும் காப்பியில் நாளைத் தள்ளாதே.

அப்பாவின் வயிற்றுப் புற்றுக்கு என்று நீ அனுப்பிய காளான் மாத்திரையை நிறுத்தியாச்சு என்று சொன்னதும் "சரி" என்று போனை வைத்தாய். இன்றைக்கு ஒன்பது நாள். வேலை இருக்கும், எனக்குத் தெரியும். போனில் நீ ஒன்று கேட்பாய், நான் உன் மனசு நோகாமல் ஒன்று சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஷைனி போட்டோ எடுத்து அனுப்புவாள்.

 

நீ வாங்கி அனுப்பியதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்த ஊரில் எத்தனை பேருக்குப் பிள்ளைகள் இப்படித் தேடிப் படித்து வாங்கி அனுப்புகிறார்கள்? ஆபரேஷன் செலவு முழுக்க நீ ஒருவன் தாங்கினாய். கோயிலில் யார் கேட்டாலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மக்களே, பாட்டில் மாதாமாதம் வருகிறது. சரி, அதை அப்புறம் சொல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் டாக்டர் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கி முழுசாகப் படித்துப் பார்த்தார். திட்டவில்லை. மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். காளானில் ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. நீ சொன்ன ஜப்பான் கதை உண்மைதானாம். வான்கோழி வால் மாதிரி விரியும் ஒரு மரக்காளானிலிருந்து எடுத்த சத்தை அங்கே 1977-லேயே மருந்தாக அனுமதித்திருக்கிறார்கள். ஷிடாகே காளானிலிருந்து எடுத்ததை ஊசியாகவும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது அளந்து, சுத்தம் பண்ணி, கீமோவோடு சேர்த்துக் கொடுத்த மருந்து. கீமோவுக்குப் பதிலாகக் கொடுத்தது இல்லை. கடையில் விற்கும் பாட்டில் அதே மருந்து ஆகாது, பாட்டிலுக்குப் பாட்டில் உள்ளே இருக்கும் அளவும் மாறும் என்றார். நீ அனுப்பிய ரெய்ஷி வேறு காளான். அது புற்றைக் குணமாக்கும் என்று நம்பிக் கொடுக்கிற அளவுக்குச் சான்று இல்லையாம். சிலருக்கு ஈரலைக்கூடப் பாதித்திருக்கிறதாம்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரை ஓடுகிறதே, அதை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். ரெய்ஷிக்கும் அந்தக் குணம் உண்டாம். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்ததை உன்னிடம் சொல்லவில்லை. கீமோவாலும் ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறையும், ரெய்ஷியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் அந்த மாத்திரையும் ரெய்ஷியும் சேர வேண்டாம் என்றார் டாக்டர். இப்போது ரத்தம் வருவதில்லை. பயப்படாதே. சாப்பிட்டாயா?

இதுவரை எழுதியது சுலபம்.

டாக்டர் முதல் தடவையே கேட்டார், வேறு மருந்து, பொடி ஏதாவது கொடுக்கிறீர்களா என்று. நான் இல்லை என்றேன். அடுத்த தடவையும் கேட்டார். அப்பவும் இல்லை என்றேன். மூன்றாவது தடவை அப்பாவே பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "மோன் அனுப்பினது, அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

போனை எடுத்ததும் நீ கேட்பது "மாத்திரை போட்டாரா, பொடி குடிச்சாரா" என்றுதான். ஆமாம் என்று சொல்ல வேண்டுமே என்று காலையில் முதல் வேலையாக அந்தப் பொடியைத்தான் வெந்நீரில் கலக்கிக் கொடுத்தேன். வெட்டிச் சின்னதாக்கிய வயிறு. அந்தக் கசப்பு ஒரு டம்ளர் உள்ளே போனால் இட்லிக்கு எங்கே இடம்? இரண்டு இட்லி சாப்பிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். அரை இட்லிகூட இல்லை. முட்டையைப் பூனைக்குப் போட்டிருக்கிறேன்.

26 வருஷம் அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளை மாதாமாதம் தராசில் தூக்கி எடை போட்டவள் நான். எடை குறைந்த பிள்ளையின் அம்மாவை வீடு தேடிப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறேன். என் வீட்டில் ஒரு மனுஷனுக்கு வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட வேண்டி வந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் 63 கிலோ. மூன்றாவது கீமோவுக்குப் போனபோது 51. எடை இப்படியே இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டி வரும் என்றார்கள்.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கலாம். பார்சல் வரும் நாளில் அப்பா காலையிலேயே சட்டை போட்டுத் திண்ணையில் உட்காருவார். அட்டைப்பெட்டியில் உன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்க விடுவார். மாத்திரை வேண்டாம் என்று சொன்னால் அதுவும் வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

இப்போது நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு கிலோ எடைக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் புரதம் வேண்டும் என்று அங்கே சாப்பாட்டுக் கணக்கு சொல்லித் தந்த பெண் எழுதிக் கொடுத்தாள். அப்பாவுக்கு எப்படியும் 50 கிராமுக்கு மேலே வரும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். அதனால் கஞ்சியில் பயறு, பதினோரு மணிக்குத் தயிர், மத்தியானம் தேங்காப்பட்டணத்து மீன்காரம்மா தரும் சாளையை முள்ளெடுத்துக் குழைத்து. வாயெல்லாம் இரும்பு ருசி என்கிறார், ஸ்டீல் கரண்டியை மாற்றிப் பிளாஸ்டிக் ஸ்பூன் வைத்தேன், கொஞ்சம் பரவாயில்லை. தண்ணீரைச் சாப்பாட்டோடு கொடுப்பதில்லை, இடையில்தான். மரச்சீனிக் கிழங்கு கேட்கிறார், ஒரு துண்டு கொடுக்கிறேன், மீனைச் சாப்பிட்ட பிறகு.

சமைத்த காளான் சாப்பிடலாமாம். இடி இடித்த மறுநாள் ரப்பர் விளையில் நீயும் அப்பாவும் பொறுக்கி வருவீர்களே, அதை அவர் தினமும் சொல்கிறார். விளையில் கிடப்பதை இந்த நிலையில் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. மார்த்தாண்டத்தில் பாக்கெட்டில் வாங்கி வறுத்துக் கொடுத்தேன். இது அந்தக் காளான் இல்லை என்றார், ஆனால் சாப்பிட்டார்.

நேற்று எடை 52. ஷைனியும் கூட நின்று பார்த்தாள், இது பொய் இல்லை.

இனி பாட்டில் அனுப்பாதே. இருக்கிற இரண்டும் பீரோவில் அப்படியே இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. போன் பண்ணினால் மாத்திரையைக் கேட்காதே, அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல். அவர் ஒன்றும் பேசமாட்டார், நீ பேசு.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் நீ வாங்கி வந்த நீலச் சட்டை 42. அதைத்தான் இப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போகிறார், தோள் கையில் வந்து கிடக்கிறது. வரும்போது 38 வாங்கு.

அம்மா