இயர்பட்ஸில் ஒரு பக்கம் ஒலி குறைகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வயர்லெஸ் இயர்பட்ஸில் ஒரு பக்கம் ஒலி குறைந்தால், பெரும்பாலும் காரணம் ஒலி வரும் வாயிலுள்ள சிறு வலையை அடைத்த காது அழுக்குதான். சென்னைப் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்து அது இறுகிவிடும். ஊசியால் குத்தவே கூடாது, வலை கிழியும். காதுக்குள் பொருந்தும் சிலிக்கான் டிப்பைக் கழற்றி, வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் துடைத்தால் போதும். டிப்பை மட்டும் சோப்பு நீரில் கழுவி, நன்கு காய்ந்தபின் மாட்டவும். ஈரத்தோடு கேஸில் வைத்தால் சார்ஜ் ஏறும் பின்கள் அரித்துவிடும்.

டிப் சரியாகப் பொருந்தாதவர்கள் மாநகரப் பேருந்தின் இரைச்சலை மீற ஒலியைக் கூட்டுகிறார்கள். இது ஆபத்து. உலக சுகாதார நிறுவனக் கணக்கில், ஒலி அளவு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பாகக் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெரு கடைக்காரர்கள் எல்லா அளவு டிப்புகளையும் காட்டி, பொருத்தம் பார்த்து விற்க வேண்டும்.

– ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை